காலாவதி ஆகாத பதிவு

உரக்கடை அலமாரியிலிருந்து எந்த மருந்துப் பாட்டிலையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கில் ஒரு நிறத்தில் இருக்கும். நஞ்சின் கடுமையைச் சொல்லும் நிறம் அது. பக்கத்தில் பதிவு எண். இன்னொரு மூலையில் தயாரித்த தேதியும் காலாவதி தேதியும். தேதி தாண்டிய பாட்டிலை விற்றால் கடைக்காரர் மீது நடவடிக்கை வரும். பதிவு எண்ணுக்கு மட்டும் அப்படி ஒரு தேதி கிடையாது. இந்தியாவில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு முழுப் பதிவு கிடைத்துவிட்டால், அரசாக முன்வந்து ரத்து செய்யும் நாள்வரை அது செல்லும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, ‘இத்தனை நாளில் உன்னைப் பற்றிப் புதிதாக என்ன தெரியவந்திருக்கிறது, வந்து பதில் சொல்’ என்று அதைக் கட்டாயமாகக் கூப்பிடும் விதி 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் இல்லை.

சரக்கு ஏற்றுகிற லாரியே குறித்த காலத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எஃப்.சி. வாங்கியாக வேண்டும். சோற்றோடும் தண்ணீரோடும் கலக்கக்கூடிய ஒரு ரசாயனத்துக்கு அது தேவையில்லை என்பது வேடிக்கைதான்.

மறுஆய்வே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. நடக்கிறது. ஆனால் அதைத் தொடங்கிவைப்பது நாட்காட்டி அல்ல. எங்காவது ஆட்கள் சாக வேண்டும். யாராவது நீதிமன்றம் போக வேண்டும். அல்லது ஏற்றுமதியான அரிசிக்கு வெளிநாட்டில் சிக்கல் வர வேண்டும். அதன் பிறகு ஒரு குழு அமைக்கப்படும்.

பால்டாயில் கற்றுக்கொடுத்தது

சட்டம் பிறந்ததும் அப்படித்தான். 1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் மாவுப் பண்டங்களைத் தின்றவர்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் கோதுமை மாவு முதலிய உணவுப் பொருள்களோடு ‘ஃபாலிடால்’ என்ற பாரத்தியான் மருந்தையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். அது கசிந்து மூட்டைகளில் இறங்கியிருந்தது. நம் கிராமங்களில் இன்றும் எந்தப் பூச்சிமருந்தையும் ‘பால்டாயில்’ என்று சொல்லும் பழக்கம் அந்த ஃபாலிடாலின் மிச்சம். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாகப் பத்தாண்டு கழித்துச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 1971 ஆயிற்று.

கப்பலில் நடந்த விபத்தின் நிழலில் எழுதப்பட்ட சட்டம் என்பது அதன் ஒவ்வொரு பிரிவிலும் தெரியும். இறக்குமதி, உற்பத்தி, போக்குவரத்து, சேமிப்பு, விற்பனை, லேபிள் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நஞ்சு வாசலுக்குள் நுழையும்போது காவலர் கவனமாக இருக்கிறார். உள்ளே வந்தபின் அது என்ன செய்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

வாசல் எப்படி இயங்குகிறது? மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம் என்று ஒன்று. அதனோடு பதிவுக் குழு என்று ஒன்று. அலுவலகம் ஹரியானாவின் ஃபரீதாபாத்தில். புதிய மூலக்கூறு ஒன்றைக் கொண்டுவரும் கம்பெனி அதன் வேதியியல், பயிரில் பலன், எலி முயல்களில் நச்சுத்தன்மை, மீன் தேனீக்களுக்கு நேரும் கேடு, உணவில் தங்கும் எச்சம் என்று கட்டுக்கட்டாகத் தரவு கொடுக்க வேண்டும். சட்டத்தின் 9(3) பிரிவில் பதிவு கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் கம்பெனிகளுக்கு 9(4) என்ற எளிய கதவு. ஏற்கெனவே பதிவான அதே சரக்கை நானும் தயாரிக்கிறேன் என்று காட்டினால் போதும், அதே நிபந்தனையில் பதிவு. விலை குறைந்ததும், சிறு உற்பத்தியாளர்கள் பெருகியதும் இந்தக் கதவால்தான். அதன் மறுபக்கம் மறுஆய்வின்போதுதான் தெரிகிறது. பழைய மருந்து ஒன்றைப் பற்றிப் புதிய ஆய்வு கேட்டால் யாரைக் கேட்பது? அதை விற்கும் கம்பெனிகள் ஏராளம். பல கோடி செலவாகும் ஆய்வை அவற்றில் எது தன் காசில் செய்யும்?

சட்டம் வருமுன்பே புழக்கத்தில் இருந்தவை வேறு உண்டு. அவற்றைப் ‘பதிவானதாகக் கருதப்படும்’ மருந்துகள் என்று சேர்த்துக்கொண்டார்கள். வாசல் கட்டும்போதே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவை.

மோனோவை வெளியேற்றப் பட்ட பாடு

மோனோகுரோட்டபாஸ் பருத்திக்காட்டில் அடித்த மருந்து, நெல்லிலும் அடித்தது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமாகவும் அதைத் தெரியும். மரத்தடியைத் தோண்டி, உயிருள்ள இளம் வேர் ஒன்றைச் சாய்வாக வெட்டி, மருந்தும் தண்ணீரும் கலந்த சிறு பாலித்தீன் பையை அதில் கட்டிவிடுவார்கள். மரம் உறிஞ்சிக்கொள்ளும். கட்டியபின் குறிப்பிட்ட நாள்வரை காய் பறிக்கக் கூடாது என்பது நிபந்தனை. வேளாண் துறையே பரிந்துரைத்த முறைதான் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மோனோ ‘மிகக் கடும் ஆபத்து’ வகுப்பு. அமெரிக்காவில் 1980-களின் இறுதியிலேயே அது சந்தையை விட்டுப் போய்விட்டது. இலங்கை 1995-இல் நிறுத்தியது. இந்தியா 2005-இல் காய்கறிகளில் பயன்படுத்துவதை மட்டும் தடைசெய்தது. பருத்திக்கு விற்கலாம், கத்தரிக்குக் கூடாது. ஒரே கடை, ஒரே பாட்டில், வாங்குகிறவர் பருத்தியும் கத்தரியும் பக்கத்துப் பக்கத்து வயலில் வைத்திருக்கும் அதே விவசாயி. இந்த ஆணையை யார், எந்த வரப்பில் நின்று அமல்படுத்துவது என்று ஆணை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில், கண்டாமன் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் இருந்தது என்று தடயவியல் சோதனை சொன்னது. காய்கறிக்குத் தடை இருந்து என்ன? மருந்துக் கேன் கிராமத்து வீட்டில் இருக்கும்வரை அது எந்த நேரத்திலும் அடுப்படிக்கு வரலாம்.

அதே ஆண்டு மத்திய வேளாண் அமைச்சகம் ஒரு குழுவிடம் பெரிய வேலை ஒன்றை ஒப்படைத்தது. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் பேராசிரியர் அனுபம் வர்மா தலைவர். வெளிநாடுகளில் தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்து, இந்தியாவில் மட்டும் தொடரும் 66 மருந்துகளைப் பார்க்க வேண்டும். கவனியுங்கள்: எதை மறுஆய்வு செய்வது என்ற பட்டியலையே நாம் போடவில்லை. மற்ற நாடுகள் தங்கள் நாட்காட்டிப்படி தங்கள் மருந்துகளைச் சோதித்து விலக்கியதால் கிடைத்த பட்டியல் அது. வெளிநாட்டில் பழக்கமே இல்லாத, நம் வயல்களில் மட்டும் கொட்டப்படும் ஒரு மருந்து இருந்தால் அது இந்த வலையில் சிக்கவே சிக்காது.

குழு 2015 இறுதியில் அறிக்கை கொடுத்தது. சிலவற்றை உடனே நிறுத்தலாம், சிலவற்றை 2020-க்குள் படிப்படியாக, 18 மருந்துகள் தொடரலாம், 27 மருந்துகளுக்குத் தரவு போதாது, அவற்றை 2018-இல் மறுபடி பார்க்கலாம் என்றது. அறிக்கை ஆணையாக மாற 2018 ஆகஸ்ட் வந்தது. 18 மருந்துகளுக்குத் தடை. பன்னிரண்டுக்கு உடனடியாக, ஃபோரேட், டைகுளோர்வாஸ், ட்ரையசோபாஸ் உள்ளிட்ட ஆறுக்கு 2020 டிசம்பர் 31 முதல். உடனடிப் பட்டியலில் மெத்தில் பாரத்தியான் இருந்தது. 1958-இல் கப்பலில் கசிந்த நஞ்சின் கூடப்பிறந்த சகோதரன். சட்டம் வருவதற்குக் காரணமான குடும்பத்தின் கடைசி வாரிசை அனுப்ப அறுபது ஆண்டு பிடித்திருக்கிறது.

மீதி 27-இன் கதைதான் சுவாரஸ்யம். 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், அவை அனைத்தையும் தடைசெய்யும் வரைவு ஆணை வெளியானது. அசிபேட், கார்பென்டாசிம், கார்போஃபியூரான், குளோர்பைரிபாஸ், 2,4-டி, மாலத்தியான், மான்கோசெப், மோனோகுரோட்டபாஸ், குயினால்பாஸ் என்று தமிழ்நாட்டின் எந்த உரக்கடைக்காரரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தார்கள். புற்றுநோய் ஐயம், நாளமில்லாச் சுரப்பிகளைக் குலைப்பது, தேனீக்கும் மீனுக்கும் கேடு. கூடவே பல இடங்களில் ஒரே பல்லவி: கேட்ட ஆய்வுத் தரவு சமர்ப்பிக்கப்படவில்லை.

தொழில்துறை கொதித்தது. அவர்கள் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. இவை காப்புரிமை முடிந்த, மலிவான, இந்தியாவிலேயே தயாராகும் சரக்குகள். இவை போனால் அந்த இடத்தில் வந்து உட்காருவது பன்னாட்டுக் கம்பெனிகளின் விலை உயர்ந்த புதிய மருந்துகள்; ஏக்கருக்கு ஆகும் செலவை விவசாயி தாங்குவாரா? ஏற்றுமதி என்னாவது? கேள்விகள் நியாயமானவை. ஆனால் இவை விலையைப் பற்றிய கேள்விகள். கேட்கப்பட்டதோ பாதுகாப்புத் தரவு.

ஆட்சேபங்களைப் பரிசீலிக்க டி.பி. ராஜேந்திரன் தலைமையில் இன்னொரு குழு 2021-இல் வந்தது. 2023 செப்டம்பர் இறுதியில் வெளியான ஆணையில் 27 சுருங்கி மூன்றாகியிருந்தது: டைகோஃபால், டைனோகேப், மெத்தோமில். இவற்றில் டைகோஃபாலை 2019-இலேயே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. மோனோகுரோட்டபாஸின் 36 சதவீதக் கரைசலுக்கு, கையிருப்பைத் தீர்க்கும் அவகாசத்தோடு, விடைகொடுத்தார்கள். கார்போஃபியூரானில் ஒரு வகையைத் தவிர மற்றவை போயின. மாலத்தியான், மான்கோசெப், குளோர்பைரிபாஸ் போன்ற சிலவற்றுக்குச் சில பயிர்கள் மட்டும் லேபிளிலிருந்து நீக்கப்பட்டன. 27 எப்படி மூன்றாயிற்று என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு கேட்டது.

அந்த 27-இல் பல உண்மையிலேயே குற்றமற்றவையாக இருக்கலாம். அப்படியானால் 2020-இல் அமைச்சகம் எதை வைத்துத் தடை என்றது? குற்றமுள்ளவை என்றால் 2023-இல் எதை வைத்து விட்டது? இரண்டு முடிவுகளுக்கும் நடுவே விவசாயிக்கும் நுகர்வோருக்கும் விளங்கும்படி, வரிக்கு வரி காரணம் சொல்லும் ஆவணம் ஒன்று அப்போதே வெளிவந்திருக்க வேண்டும். மறுஆய்வு என்பது முடிவு மட்டுமல்ல. முடிவுக்கு வந்த வழியும்தான்.

நாட்காட்டி இருக்கும் ஊர்களில்

ஐரோப்பிய ஒன்றியம் 1990-களில் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியது. 1993-க்கு முன் சந்தையில் இருந்த சுமார் 1,000 மூலக்கூறுகள் அத்தனையையும் புதிதாகப் பதிவுக்கு வருபவைபோல் நடத்துவது. ஒவ்வொன்றும் தன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும். 2009-இல் அந்த வேலை முடிந்தபோது தேறியவை ஏறத்தாழ 250. மீதி எல்லாம் நஞ்சு என்று நிரூபணமாகி வெளியேறியவை என்று நினைத்தால் தவறு. ஆய்வில் தோற்றவை எழுபதை ஒட்டித்தான். மூன்றில் இரண்டு பங்கு மூலக்கூறுகள் தேர்வு அறைக்கே வரவில்லை. கம்பெனிகள் கோப்பைத் தாக்கல் செய்யவில்லை, அல்லது அரைகுறையாகக் கொடுத்தன, அல்லது பாதியில் திரும்பப் பெற்றன. இத்தனை காசு போட்டு இந்தப் பழைய சரக்கைக் காப்பாற்றுவானேன் என்ற வியாபாரக் கணக்கு அது.

இந்த எண்களை இரண்டு தரப்பும் தங்களுக்கு ஏற்றபடி படிக்கின்றன. ‘பாருங்கள், 750 நஞ்சுகளை விரட்டினோம்’ என்பவர்கள் உண்டு. ‘நல்ல மருந்துகளையும் காகிதச் சுமையால் கொன்றார்கள்’ என்பவர்களும் உண்டு. எனக்கு இதில் படுவது வேறு. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவில் தரவு இல்லையென்றால் மருந்து வெளியே. இந்தியாவில் தரவு இல்லையென்றால் மருந்து உள்ளே, அடுத்த குழு வரும்வரை.

இன்றைய ஐரோப்பிய விதிப்படி முதல் ஒப்புதல் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு. புதுப்பித்தால் அதிகபட்சம் பதினைந்து. காலம் முடிய மூன்று ஆண்டுக்கு முன்பே கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும். ஓர் உறுப்பு நாடு முதல் மதிப்பீட்டை எழுதும். இத்தாலியின் பார்மா நகரில் இருக்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மற்ற நாடுகளின் நிபுணர்களோடு அதை அலசி, தன் முடிவைப் பொதுவெளியில் வைக்கும். பிறகு உறுப்பு நாடுகளின் வாக்கெடுப்பு. இதுவும் சுத்தபத்தமான ஏற்பாடு அல்ல. கிளைஃபோசேட் களைக்கொல்லி 2023-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு எதிர்ப்பு எதற்கும் போதுமான பெரும்பான்மை இல்லை. ஐரோப்பிய ஆணையம் தானே முடிவெடுத்து 2033 டிசம்பர் வரை நீட்டித்தது. அதில் கோபப்பட்டவர்கள் ஏராளம். ஆனாலும் 2033 என்று ஒரு தேதி இருக்கிறது. கோபப்பட்டவர்கள் அதுவரை ஆதாரம் சேர்க்கலாம்.

நாட்காட்டியின் உண்மையான பலனைக் காட்டுவது குளோர்பைரிபாஸ். நம் ஊரில் நெல், பருத்தி, நிலக்கடலை எல்லாவற்றுக்கும் அடித்த மருந்து. வீடு கட்டும்போது கடைக்காலில் கரையானுக்கு ஊற்றுவதும் அதுதான். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்குமா என்பது கேள்வி. 1998-இல் உற்பத்திக் கம்பெனியின் செலவில் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று, அப்படிப் பாதிப்பு இல்லை என்ற முடிவோடு அரசு அலுவலகங்களின் கோப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் புதுப்பிக்கும் காலம் நெருங்கியபோது, ஸ்வீடனின் ஆய்வாளர்கள் ஆக்செல் மீயும் கிறிஸ்டினா ரூடேனும், பிலிப் கிராண்ட்ஜீன் என்பவரோடு சேர்ந்து அந்த ஆய்வின் மூலத் தரவைக் கேட்டு வாங்கி மறுபடி கணக்குப் போட்டார்கள். குட்டி எலிகளின் சிறுமூளை அளவில் மாற்றம் தெரிந்தது. மிகக் குறைந்த அளவு மருந்து கொடுத்த எலிகளிலும். 2018-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பார்மா ஆணையம், இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிர்ணயிக்க இயலவில்லை என்றது. 2020 ஜனவரியில் ஒப்புதல் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. புதிய பரிசோதனைக்கூடமோ புதிய எலியோ தேவைப்படவில்லை. இருபது ஆண்டுப் பழைய தாள்களை வேறு கண்கள் படித்தன. படிக்க வேண்டிய நாள் வந்ததால் படித்தார்கள்.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மருந்தையும் மறுபடி பார் என்கிறது. 2007-க்கு முன் பதிவான எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்களை 2022 அக்டோபர் 1-க்குள் முடித்திருக்க வேண்டும். முடியவில்லை, நாடாளுமன்றமே நான்கு ஆண்டு நீட்டித்து 2026 அக்டோபர் 1 என்றது. அதே குளோர்பைரிபாஸை அங்கே 2000-இல் வீட்டு உபயோகத்திலிருந்து பெரும்பாலும் விலக்கினார்கள். 2007-இல் முழுத்தடை கேட்டு மனு. 2015-இல் தடைக்கான முன்மொழிவு. 2017-இல் ஆட்சி மாறியதும் அதே அலுவலகம் மனுவைத் தள்ளியது. 2021-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்த பிறகு உணவுப் பயிர்களில் அனுமதி ரத்து. 2023-இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. 2024 டிசம்பரில் பதினோரு பயிர்கள் தவிர மற்றவற்றுக்கு வேண்டாம் என்று புதிய முன்மொழிவு. நாட்காட்டி மாட்டிவைத்தால் மட்டும் போதாது, அதைக் கிழிக்கிற கைகளும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

ஆனால் அதே அமைப்பில்தான் இன்னொன்றும் நடந்தது. டி.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியைத் தயாரித்த கம்பெனியிடம் 2013-இல், மறுஆய்வின் பகுதியாக, கருவின் தைராய்டு பற்றிய ஆய்வுத் தரவைக் கேட்டது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை. கம்பெனி இழுத்தடித்தது, தரவு வந்தது 2022-இல். படித்துப் பார்த்த முகமை 2024 ஆகஸ்டில் அவசரத் தடை விதித்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டில் அப்படிப்பட்ட நடவடிக்கை அதுவே முதல்முறை. பல ஆண்டுகள் வீணாயின, உண்மை. கேட்காமலே இருந்திருந்தால் அந்தத் தரவு பிறந்தே இருக்காது.

அறுபது நாள் அதிகாரம்

வேளாண்மையும் பயிர்ப் பூச்சிகளிலிருந்து பாதுகாப்பும் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருந்துப் பதிவு டெல்லியின் கையில். ஆபத்து என்று தோன்றினால் மாநில அரசு என்ன செய்யலாம்? சட்டத்தின் 27-ஆம் பிரிவு: அறுபது நாள் விற்பனையை நிறுத்தலாம்; விசாரணை முடியாவிட்டால் இன்னும் முப்பது நாள் நீட்டலாம். அவ்வளவுதான். அதற்குள் டெல்லி முடிவெடுக்காவிட்டால் சரக்கு மறுபடி அலமாரிக்கு வந்துவிடும்.

தமிழ்நாடு இதைச் செய்து பார்த்தது. தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கத்தில், 2023 தொடக்கத்தை ஒட்டி, மோனோகுரோட்டபாஸ், புரொஃபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது, குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது ஆகிய ஆறுக்கும் அறுபது நாள் தடை வந்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு நிரந்தரத் தடை அறிவிக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் எலி பேஸ்ட் தின்று கல்லீரல் கெட்டு வரும் இளைஞர்களைப் பார்த்துச் சலித்த மருத்துவர்களுக்கு அந்த அறிவிப்பின் அருமை தெரியும். ஆறு மருந்துகளின் கதை வேறு. அறுபது நாளில் அடுத்த பருவம்கூட வராது.

பஞ்சாபில் இதே பிரிவு வேறொரு காரணத்துக்குப் பயன்படுகிறது. பாஸ்மதி அரிசியில் ட்ரைசைக்ளசோல் எச்சம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த ஐரோப்பா, அதை 0.01 என்று நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. ஏற்றுமதி ஆட்டம் கண்டது. பஞ்சாப் அரசு 2022-இல் ட்ரைசைக்ளசோல் உள்ளிட்ட பத்து மருந்துகளை பாஸ்மதிப் பருவத்தில் அறுபது நாள் தடைசெய்தது. அடுத்த ஆண்டும் அதே வழியைப் பிடித்தது. வெளிநாட்டுத் தட்டில் விழும் சோற்றுக்கு இவ்வளவு அக்கறை. லூதியானாவில் உள்ளவர் தின்னும் சோற்றுக்கு?

கேரளத்தின் காசர்கோடு இந்த விஷயத்தில் தனியாகப் பேச வேண்டிய ஊர். அரசு தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளின் மேல் 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மருந்தை மறுஆய்வு செய்யக் குழுக்கள் அமைக்கப்படாமல் இல்லை. பானர்ஜி குழு, துபே குழு, மாயி குழு என்று வரிசையாக வந்தன. மருந்து நாட்டின் மற்ற பகுதிகளில் தொடர்ந்தது. 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைப் பட்டியலில் சேர்த்த சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2017-இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. மறுஆய்வில் மிச்சம்பிடித்த செலவு இப்படித்தான் வந்து சேர்கிறது; கட்டுவது வேறு யாரோ.

கடலுக்கு அந்தப் பக்கம்

பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு பாடம் நாற்பது ஆண்டாக நடந்துவருகிறது. இலங்கையின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980-இல் வந்தது. அங்கே பதிவுக்குக் காலவரை உண்டு. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பூச்சிக்கொல்லிப் பதிவாளரின் அலுவலகம் மருத்துவமனைகளிலிருந்து வரும் தகவலைக் காதில் போட்டுக்கொண்டது. எந்த மருந்தைக் குடித்தவர் பிழைக்கிறார், எதைக் குடித்தவர் பிழைப்பதில்லை என்ற கணக்கு. அதை வைத்து மிகக் கொடிய வகைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 1995-இல் மோனோகுரோட்டபாஸும் மெத்தமிடோபாஸும், 1998-இல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், ஃபென்தியான், பாராகுவாட்.

1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில் அது அடுத்த இருபது ஆண்டில் எழுபது சதவீதம் சரிந்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையே சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மனிதர்கள் திடீரென்று மகிழ்ச்சியாகிவிடவில்லை. மருந்து குடிப்பதும் நின்றுவிடவில்லை. குடித்தவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் கைக்கு எட்டிய பாட்டிலில் முன்பிருந்த அளவு கொடிய நஞ்சு இல்லை. தடையால் நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சத்தையும் அந்நாட்டின் பதிவாளராக இருந்த காமினி மனுவீர உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். அப்படி எந்தச் சரிவும் தெரியவில்லை. 2021-இல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் இறக்குமதித் தடை போட்டுக் கெட்ட பெயர் வாங்கியதும் இதே நாடுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று கணக்குப் பார்த்து, மருந்து மருந்தாக, பல ஆண்டு எடுத்துச் செய்தது. மற்றது அரசியல் அவசரம்.

இங்கே அந்தக் கணக்கே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பூச்சிமருந்து குடித்து இறந்தவர்களை எண்ணுகிறது. எந்த மருந்து என்று எழுதுவதில்லை. போலீஸ் பதிவேட்டிலும் ஆஸ்பத்திரிக் கேஸ் சீட்டிலும் ‘விஷமருந்து’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகின்றன. பெயரே தெரியாத குற்றவாளியை எந்தக் குழு விசாரிக்கும்?

வயலில் நடப்பதும் கோப்புக்கு வருவதில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த தொழிலாளர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி, புழுக்கம், முகத்துக்கு நேராக வந்து விழும் சாரல். கம்பெனி கொடுக்கும் ஆய்வுத் தாளில் தெளிப்பவர் கையுறை, முகமூடி, பூட்ஸ் சகிதம் இருக்கிறார். தஞ்சாவூர் வெயிலில் கைலியை மடித்துக் கட்டி, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் தூக்கும் ஆள் அந்தத் தாளில் இல்லை. டேங்க்கில் இருப்பதும் ஒரே மருந்தல்ல. புழுவுக்கு ஒன்று, சாறு உறிஞ்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, கடைக்காரர் சொன்ன டானிக் ஒன்று. எல்லாம் ஒரே கலக்கு. தனித்தனியாகத் தேர்வு எழுதித் தேறிய நான்கு மருந்துகள் ஒரே டேங்க்கில் சேர்ந்து என்ன செய்கின்றன என்று எந்த நாட்டின் மறுஆய்வும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவுக்கும் இந்தக் குறை உண்டு. ஆனால் அங்கே தெளிப்பவர்களில் பலர் டிராக்டரின் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புதிய சட்டம் கொண்டுவர 2008-லிருந்து முயற்சி நடக்கிறது. 2020-இல் மாநிலங்களவையில் வைத்த பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. என்னைக் கேட்டால் புதிய சட்டத்தில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று வரி இருக்க வேண்டும். பதிவுக்கு ஒரு முடிவுத் தேதி. அந்தத் தேதிக்குள் தரவு வராவிட்டால் பதிவு தானாகவே விழும் என்ற வரி. குழுவின் அறிக்கை முடிவெடுக்கும் முன்பே பொதுவெளிக்கு வர வேண்டும் என்ற வரி. மூன்றுமே புதுமை அல்ல, வேறு நாடுகளில் நடைமுறையில் இருப்பவை. எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் 2020-இலேயே தெரிந்துவிட்டது.

இதற்கிடையே குளோர்பைரிபாஸுக்கு வெளியிலிருந்து ஒரு கடிகாரம் வந்திருக்கிறது. 2025 மே மாதம் ஜெனிவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தன. சில பயிர்களுக்கும் பயன்களுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பொதுவாக இத்தகைய விலக்கு ஐந்து ஆண்டுக்குத்தான். ஆனால் உடன்படிக்கையில் சேரும்போதே இந்தியா ஒரு நிபந்தனை எழுதிவைத்திருக்கிறது. பட்டியலில் புதிதாகச் சேரும் எந்த ரசாயனமும், டெல்லி தனியாக ஒப்புதல் கொடுத்தால்தான் நம்மைக் கட்டுப்படுத்தும். ஐந்து ஆண்டுக் கணக்கும் அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும்.